எட்டுப் பேருக்கு ஒரு விமானம்

காலையில் தோசை வார்த்துக்கொண்டிருந்தேன். என் மாமனார் சமையலறை வாசலில் வந்து நின்று, “ஏம்மா, சின்ன பிளேனு விக்கிறவன் ஒருத்தனுக்கு இங்கிலீசுல கடுதாசி எழுதணும். கை ஒழிஞ்சதும் வா” என்றார். தொழிற்சாலைக்கு நூல் வாங்குவதைப் பற்றிப் பேசும் அதே குரல். நான் திரும்பிப் பார்ப்பதற்குள் அவர் போய்விட்டார். கல்லில் கிடந்த தோசை கருகிவிட்டது.

மாமா அம்பாசமுத்திரத்தில் ஒரு அரிசி ஆலையோடு தொழிலைத் தொடங்கியவர். அரிசி போட சாக்கு வேண்டும் என்று சாக்கு வாங்கி விற்றார்; பிறகு தானே நெய்யலாம் என்று கங்கைகொண்டானில் பிளாஸ்டிக் சாக்குத் தொழிற்சாலை வைத்தார். அது வளர்ந்து எங்கெங்கோ போயிற்று. ஆனால் அவர் மாறவில்லை. பாளையங்கோட்டையில் அதே பழைய வீடு, ஞாயிற்றுக்கிழமை கோயில் ஆராதனைக்கு அதே வெள்ளைச் சட்டை, வார் அறுந்தால் தைத்துப் போட்டுக்கொள்ளும் செருப்பு. கல்யாணத்துக்கு முன் நான் மூன்று வருடம் பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்தவள் என்பதால் கம்பெனியின் ஆங்கிலக் கடிதங்கள் எல்லாம் என் தலையில்தான் விழும். அந்த வகையில்தான் விமானமும் என்னிடம் வந்தது.

அவர் விமானம் வாங்க நினைத்தது எனக்குப் பெரிய ஆச்சரியமில்லை. வசதி வந்தவர்கள் எதையாவது வாங்கத்தான் செய்வார்கள். கடிதத்தில் அவர் எழுதச் சொன்ன முதல் வரிதான் என்னை உலுக்கியது. “குடும்பம் முழுசும் ஒரே வண்டியில போறாப்பல வேணும்னு எழுது.”

எங்கள் வீட்டில் ஒரு சட்டம் இருந்தது. மூன்று பேருக்கு மேல் ஒரே வண்டியில் ஏறக் கூடாது. ஆலையில் வருடாந்தர நன்றி ஜெபம் என்றால்கூட அம்பாசமுத்திரத்துக்கு மூன்று கார்கள் போகும். ஒன்று கிளம்பி கால் மணி நேரம் கழித்துத்தான் அடுத்தது கிளம்ப வேண்டும். மாமாவும் அத்தையும் ஒரே காரில் போக மாட்டார்கள். என் கணவரும் நானும் ஒன்றாகப் போனால் எங்கள் மகள் அத்தையோடு வருவாள். பெங்களூரில் இருக்கும் என் நாத்தனாரும் அவள் கணவரும் ஊருக்கு வரும்போது தனித்தனி ரயிலில் வருவார்கள். எங்கள் பிள்ளைக்கு ஏழு வயது. அப்பா, அம்மா, தாத்தா, ஆச்சி எல்லாரையும் ஒரே வண்டியில் அவள் பார்த்ததே இல்லை. இதை நாங்கள் வெளியில் யாரிடமும் சொல்வதில்லை. கேட்டால் ஆளுக்கொரு வேலை என்போம்.

அந்தச் சட்டம் எப்படி வந்தது என்பதைச் சொல்லிவிடுகிறேன். எனக்குக் கல்யாணமாகி ஒன்பதாவது நாள். கோவில்பட்டியில் ஒரு உறவுக்காரர் வீட்டுக் கல்யாணம். வீட்டுப் பெரிய காரில் ஓட்டுநரும் மாமாவும் முன்னால். நடுவில் அத்தை, நாத்தனார். பின்னால் என் கணவரும் அன்பளிப்புப் பெட்டிகளும். நடு வரிசையில் ஒரு இடம் மிச்சம். எங்கு போனாலும் அது என் கணவரின் அண்ணனுடைய இடமாம். அவரை வீட்டில் பெரியவன் என்பார்கள், என் கணவரைச் சின்னவன் என்பார்கள். பெரியவருக்கு அப்போது இருபத்தொன்பது வயது. கல்யாணம் ஆகவில்லை. நல்ல உயரம், கதவு நிலையில் தலை இடித்துக்கொள்ளாத நாளே கிடையாது.

பட்டுப்புடவையைத் தூக்கிப் பிடித்தபடி நான் எங்கே உட்காருவது என்று தெரியாமல் நின்றேன். மாமா கண்ணாடி வழியே பார்த்துவிட்டு, “இடம் இல்லலே. நீ சின்ன வண்டிய எடுத்துட்டுப் பின்னால வா” என்றார் பெரியவரிடம். அவர் சிரித்துக்கொண்டே எனக்காகக் கதவைப் பிடித்துக்கொண்டு, “ஏறும்மா, நான் பைய வாரேன்” என்றார். நான் ஏறினேன். அவரே கதவைச் சாத்தினார்.

கங்கைகொண்டான் தாண்டி நாற்கரச் சாலையில் ஒரு லாரி ஓரமாக நின்றிருந்தது. நாங்களும் அதைக் கடந்துதான் போனோம். அவர் கடக்கவில்லை. கல்யாண வீட்டில் மாமாவுக்குப் போன் வந்தது. அவர் எழுந்து வெளியே போனார். அரை மணி நேரம் கழித்து என் கணவருக்குப் போன் செய்து, “ஒரு சோலி வந்துட்டு. நீங்க சாப்ட்டு பைய வாங்க” என்றார். நாங்கள் சாப்பிட்டோம். பிரியாணி நன்றாக இருந்தது. நான் இரண்டாவது முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன். அந்த நேரத்தில் மாமா தனியாகப் பிணவறையில் நின்று மகனை அடையாளம் காட்டிக்கொண்டிருந்தார்.

அடக்கம் முடிந்த வாரமே மாமா அந்தச் சட்டத்தைப் போட்டார். அதன் பிறகு பத்து வருடம், அந்த வீட்டில் பெரியவரின் பெயரை யாரும் சொல்லிக் கேட்டதில்லை. அவர் அறை பூட்டியே கிடந்தது. படம்கூட மாட்டவில்லை. நான் யார் இடத்தில் உட்கார்ந்தேன் என்பதையும் யாரும் சொல்லவில்லை. அது எல்லாருக்கும் தெரியும் என்பது எனக்குத் தெரியும்.

அப்படிப்பட்ட மாமாதான் இப்போது குடும்பம் முழுக்க ஒரே வண்டியில் என்றார். நான் மடிக்கணினியைத் திறந்து, “எத்தனை பேருன்னு எழுத மாமா?” என்று கேட்டேன்.

“எட்டு.”

நான் விரல் விட்டு எண்ணினேன். மாமா, அத்தை, என் கணவர், நான், மகள், நாத்தனார், அவள் கணவர். “ஏழு பேருதான மாமா?”

“எட்டுன்னு எழுது.”

அன்று என் கணவரிடம் சொன்னபோது அவர் சிரித்தார். “தங்கச்சிக்குப் பிள்ளை பிறக்கும்னு எதிர்பாக்குதாவளா இருக்கும். அப்பா மனசு மாறிட்டு. நீ சந்தோசப்படுவியா, எண்ணிக்கிட்டு இருக்கியே” என்றார். சரிதான் என்று நானும் நினைத்துக்கொண்டேன்.

சென்னையிலிருந்து ஒரு தரகர் பதில் போட்டார். முப்பது வயதுதான் இருக்கும். போனில் பேசினால் பொத்தானைத் தட்டிவிட்டது போலப் பேசுவார். எவ்வளவு தூரம் நிற்காமல் பறக்கும், எவ்வளவு குட்டையான ஓடுதளத்தில் இறங்கும், எத்தனை விமானி, எத்தனை எஞ்சின் என்று பக்கம் பக்கமாக அனுப்பினார். நான் எல்லாவற்றையும் தமிழில் எழுதி மாமாவுக்குப் படித்துக் காட்டினேன். அவர் எதையும் கேட்கவில்லை. ஒரு எஞ்சின் நின்றால் இன்னொன்றில் இறங்கிவிடலாம் என்று நான் படித்தபோது, “அது கெடக்கட்டும். இருக்கை எப்படிப் போட்டிருக்கான், அதச் சொல்லு” என்றார்.

ஆறு இருக்கை உள்ளதை உடனே தள்ளினார். பேருந்து போல வரிசையாக முதுகைப் பார்த்து உட்காருவதையும் தள்ளினார். “ஒருத்தர் மொகம் ஒருத்தருக்குத் தெரியணும்” என்றார். கடைசியில் ஒன்று அவருக்குப் பிடித்தது. முன்னால் நான்கு, பின்னால் நான்கு, எதிரெதிரே. பழைய விமானம்தான், உள்ளே எல்லாம் புதிதாகச் செய்திருக்கிறார்கள் என்று தரகர் சொன்னார். அதன் இருக்கைப் படத்தை அச்செடுத்துத் தரச் சொன்னார் மாமா. கொடுத்தேன்.

இரண்டு நாள் கழித்து அந்தத் தாள் சாப்பாட்டு மேசையில் வேதப் புத்தகத்துக்கு அடியில் இருந்தது. துடைப்பதற்காக எடுத்தேன். ஒவ்வொரு கட்டத்திலும் பென்சிலால் எழுதியிருந்தார். நான். அவள். சின்னவன். மருமகள். பாப்பா. மகள். மாப்பிள்ளை. எட்டாவது கட்டத்தில், என் கட்டத்துக்குப் பக்கத்தில், பெரியவன்.

பகல் பதினொரு மணி. தெருவில் யாரோ கீரை விற்றுக்கொண்டு போனார்கள். என் கை அந்தத் தாளை எடுத்த இடத்திலேயே வைத்தது. வேதப் புத்தகத்தையும் அதே கோணத்தில் வைத்தேன், அதைத் தொட்டது யாருக்கும் தெரியக் கூடாது என்பது போல.

விமானத்தை நேரில் பார்க்கச் சென்னைக்குப் போனோம். சட்டப்படி மூன்று பேர் சேர்ந்தே போகலாம், ஆனாலும் பிரிந்து போகும் பழக்கம் விடவில்லை. என் கணவர் முதல் நாளே ரயிலில் போனார். நானும் மாமாவும் மறுநாள் காரில் போனோம். விமான நிலையத்தின் பின்பக்கம் ஒரு பெரிய தகரக் கொட்டகையில் அது நின்றது. நான் நினைத்ததைவிடச் சின்னது. எங்கள் சரக்கு வேனைவிடக் கொஞ்சம் நீளம், அவ்வளவுதான். உள்ளே குனிந்துதான் போக வேண்டும். வெளியே அவ்வளவு வெயில், உள்ளே ஏசி ஓடவில்லை, ஆனாலும் குளிர்ச்சியாக இருந்தது. புதுத் தோலின் வாசனை.

மாமா தன் கட்டத்தில் போய் உட்கார்ந்தார். எனக்கு என் கட்டத்தைக் காட்டினார். என் கணவர் தரகரோடு வெளியே இறக்கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். “கதவைச் சாத்தச் சொல்லு” என்றார் மாமா. நான் எட்டிச் சொன்னேன். தரகர் சாத்தினார்.

கதவு மூடியதும் வெளிச்சத்தம் அத்தனையும் நின்றது. அப்படி ஒரு அமைதியை நான் அதற்கு முன் எந்த அறையிலும் கேட்டதில்லை. மாமாவின் மூச்சு கேட்டது. என்னுடையதும் கேட்டது. அவர் முன்னால் குனிந்து, மிகவும் கனிவாக, “கால் நீட்ட இடம் இருக்கா?” என்று கேட்டார்.

“இருக்கு மாமா” என்றேன்.

அவர் என் பக்கம் திரும்பவே இல்லை. அவர் பார்வை என் பக்கத்து இருக்கையில் இருந்தது. கொஞ்ச நேரம் பதிலுக்குக் காத்திருப்பவர் போல இருந்தார். பிறகு தலையை ஆட்டிக்கொண்டார். “இது போதும்” என்றார், இந்த முறை என்னிடம்.

திரும்பி வரும்போது எனக்கு ஒரு பயம் பிடித்துக்கொண்டது. பெரியவருக்கு இடம் வைக்கிறார் என்பதற்கு மேலே ஒரு பயம். எஞ்சின், பாதுகாப்பு, விமானியின் அனுபவம் எதையும் அவர் கேட்கவில்லை. எல்லாரும் ஒன்றாக இருக்க வேண்டும் என்பது மட்டும்தான் கணக்கு. எங்கே போவதற்கு என்று அவர் ஒருமுறைகூடச் சொல்லவில்லை. நானாகக் கேட்டேன். “இவ்வளவு காலமும் ஒண்ணா போவக் கூடாதுன்னு சொன்னிய. இப்ப மட்டும் எப்படி மாமா?”

அவர் காரின் சன்னல் வழியே பார்த்தபடி சொன்னார். “அன்னைக்கு ஆசுபத்திரியில அந்தத் துணிய விலக்கிக் காட்டினான் பாத்தியா, அப்ப நான் ஒத்தையில நின்னேன். பிரிஞ்சு பிரிஞ்சு போனா ஒருத்தருக்கு ஒண்ணு ஆனாலும் மத்தவங்க தப்பிச்சிக்கிடுவாங்கன்னு நெனைச்சேன். இப்ப யோசிச்சா, தப்பிச்சவன் பாடுதான் பாடு. யாரும் மிச்சமா நின்னு தேடிட்டுப் போவக் கூடாதும்மா. போனா எல்லாரும் போவணும்.”

இதைச் சொல்லிவிட்டு, வழியில் ஒரு காப்பி குடிக்கலாமா என்று கேட்டார்.

என் கணவரிடம் நான் சண்டை போட்டேன். பிள்ளையை அதில் ஏற்ற மாட்டேன் என்றேன். அவர் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். “பத்து வருசத்துல அப்பா அண்ணனப் பத்தி வாயத் தொறந்தது இதான் மொதத் தடவை. அதையும் ஒன்ட்டதான் சொல்லியிருக்காவ. இப்ப வேண்டாம்னு சொன்னா அவிய உடைஞ்சு போயிருவாவ. ஒரு தடவ பறந்து பாப்போம். வாங்குறதப் பெறவு பாத்துக்கலாம்” என்றார். அத்தையிடம் சொல்லலாம் என்று போனேன். அத்தை முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். நான் பாதிதான் சொன்னேன். “நான் வாரேன்” என்று மட்டும் சொன்னார். அவர் விரல்கள் நிற்கவில்லை.

சோதனைப் பறப்புக்கு நாள் குறித்தார்கள். வாகைக்குளத்திலிருந்து, அதாவது தூத்துக்குடி விமான நிலையத்திலிருந்து கிளம்பி, ஆற்றின் மேலேயே மேற்கே மலை வரைக்கும் போய்த் திரும்புவது. நாத்தனாரும் அவள் கணவரும் பெங்களூரிலிருந்து வந்தார்கள். எல்லாருடைய எடையையும் தரகர் கேட்டார்; சின்ன விமானம் என்பதால் அது வேண்டுமாம். அடையாள அட்டைகளின் நகலும் கேட்டார். எல்லாவற்றையும் தானே அனுப்பிவிட்டதாக மாமா சொன்னார். வழக்கமாக நான்தான் அனுப்புவேன். அப்போதே எனக்குப் புரிந்திருக்க வேண்டும்.

காலை ஒன்பது மணி. வாகைக்குளத்தில் பனங்காட்டு வெயில் அடித்தது. பயணிகள் கூட்டம் இல்லாத பக்கத்துக் கதவில் எங்களை நிறுத்தினார்கள். பாதுகாப்புக் காவலர் ஒருவர் பட்டியலை வைத்துக்கொண்டு ஒவ்வொருவரின் முகத்தையும் அட்டையையும் பார்த்து உள்ளே விட்டார். வடநாட்டுக்காரர், தமிழ் கொஞ்சம் தெரியும். ஏழு பேரும் உள்ளே வந்த பிறகு அவர் பட்டியலைத் திரும்பப் பார்த்தார்.

“ஒரு ஆளு இல்லை. எட்டு பேர் இருக்கு. எங்கே?”

தரகர் பட்டியலை வாங்கிப் பார்த்தார். “ஆமா சார். லைசென்ஸ் நகல் கொடுத்திருக்கீங்க. எழுபத்தெட்டு கிலோன்னு எடைகூடப் போட்டிருக்கு. வந்துட்டு இருக்காரா? வெயிட் பண்ணலாமா?”

மாமா விமானம் நின்ற பக்கம் பார்த்தார். கண்ணாடிக்கு அப்பால், கதவு திறந்து படி இறக்கப்பட்டு அது வெயிலில் நின்றது.

“வந்துட்டான்” என்றார் மாமா. “ஏறிட்டான்.”

காவலரின் முகம் மாறியது. யாரோ சோதனைக்கு உட்படாமல் உள்ளே போயிருக்கிறார் என்று அவர் நினைத்துவிட்டார். கையில் இருந்த கருவியில் ஏதோ பேசினார். இரண்டு பேர் விமானத்தை நோக்கி ஓடினார்கள். ஒருவர் படியேறி உள்ளே போனார். நாங்கள் ஏழு பேரும் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டது போல அதையே பார்த்துக்கொண்டு நின்றோம். என் நாத்தனார் அழ ஆரம்பித்திருந்தாள். இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது, ஆனால் உண்மை: அந்தக் காவலர் உள்ளேயிருந்து ஒரு உயரமான ஆளோடு குனிந்து இறங்கி வருவார் என்று நான் எதிர்பார்த்தேன். என் கணவரும் அதையே எதிர்பார்த்ததாகப் பிறகு சொன்னார்.

அவர் தனியாகத்தான் வந்தார். யாரும் இல்லை என்று கையை ஆட்டினார்.

மேலதிகாரி ஒருவர் வந்துவிட்டார். யார் இந்த எட்டாவது ஆள் என்று கேட்டார். எல்லாரும் மாமாவைப் பார்த்தோம். பட்டியலில் ஆள் குறைந்தால் அந்தப் பெயரை அடித்துவிட்டு, குடும்பத்தில் ஒருவர் கையெழுத்துப் போட வேண்டும், இல்லாவிட்டால் விமானம் கிளம்ப முடியாது என்றார். தரகர் பேனாவை மாமாவிடம் நீட்டினார். மாமா அதை வாங்கினார். அந்தப் பெயருக்கு மேல் பேனாவை வைத்தார். அவர் கை அங்கேயே நின்றது. தாளில் மை ஊறி ஒரு புள்ளியாகப் பெருகியது.

அத்தை முன்னால் வந்து பேனாவை அவர் விரல்களிலிருந்து பைய உருவினார். “எம் பிள்ளை இதுல வரல்ல” என்றார். “நீங்க அவன ஏத்தாதிய. அவனை விடுங்க.” ஒரே கோடு. நேராக, பள்ளிக்கூடத்துப் பிள்ளை அளவுகோல் வைத்துப் போடுவது போல. கீழே தன் பெயரை எழுதினார்.

மாமா அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். திரும்பிப் போய்விடலாம் என்று என் கணவர் சொன்னார். அத்தைதான், “வந்தாச்சு, ஏறுவோம்” என்றார். இவ்வளவு நாளும் பயந்துகொண்டிருந்த நான் ஏன் பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு அந்தப் படியில் ஏறினேன் என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. அத்தை முன்னால் போனார், நான் பின்னால் போனேன்.

உள்ளே அவரவர் கட்டத்தில் உட்கார்ந்தோம். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை, மாமா எழுதியபடியே அமைந்துவிட்டது. என் மகள் சன்னல் வேண்டும் என்று என் பக்கத்திலிருந்த காலி இருக்கையில் தாவினாள். பெல்ட்டையும் போட்டுக்கொண்டாள்.

“பாப்பா, எந்திரி” என்றார் மாமா. சத்தம் போடவில்லை. ஆனால் அவள் உடனே பெல்ட்டைக் கழற்றிவிட்டு எழுந்து தன் இடத்துக்குப் போனாள். பெல்ட் இரண்டு பக்கமும் விரிந்து கிடந்தது. அதை நான் நன்றாகப் பார்த்தேன்.

விமானம் ஓடி மேலெழுந்தது. கீழே தேரிக்காட்டுச் செம்மணல் மேடுகளும் பனைகளும் சாய்ந்தன. பிறகு ஆறு. மேலிருந்து பார்த்தால் தாமிரபரணி ஒரே ஆறாகத் தெரியவில்லை. இரண்டு பக்கமும் வாய்க்கால்களும் குளங்களும் சேர்ந்து, உடைந்த கண்ணாடியைச் சிதறிவிட்டது போல மேற்கே மலை வரைக்கும் மின்னிக்கொண்டிருந்தது. பாளையங்கோட்டையின் கோயில் கோபுரத்தை என் கணவர் மகளுக்குக் காட்டினார். அவள் மட்டும்தான் பேசிக்கொண்டிருந்தாள்.

விமானம் வலப்பக்கம் சாய்ந்து கொஞ்சம் வடக்கே வளைந்தது. கீழே நாற்கரச் சாலை கோடு போட்டது போலத் தெரிந்தது. எங்கள் தொழிற்சாலையின் நீலக் கூரை. அதைத் தாண்டிக் காற்றாலைகள். மாமா சன்னலில் நெற்றியை வைத்து, “இங்கனதான்” என்றார். “இங்கனதான் கெடந்தான்.”

பத்து வருடமாக நான் சொல்லாமல் வைத்திருந்தது அப்போது வெளியே வந்துவிட்டது. எஞ்சின் சத்தத்தில் நான் கொஞ்சம் உரக்கவே சொல்ல வேண்டியிருந்தது. “மாமா, அன்னைக்கு அவிய இடத்துலதான் நான் இருந்தேன். நான் ஏறாம இருந்திருந்தா அவிய நம்ம கூட வந்திருப்பாவ.”

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். மாமா சன்னலிலிருந்து திரும்பினார். அவர் முகத்தில் கோபம் இருக்கும் என்று நினைத்தேன். இல்லை. களைப்புதான் இருந்தது.

“நீ எங்கம்மா ஏறின? நான்லா ஒன்னைய ஏத்தினேன்” என்றார். “இடம் இல்லன்னு சொன்னது நானு. அவன் ஒண்ணும் சொல்லாம சரிப்பான்னான். பெறவு நான் எத்தனை தடவை கூப்பிட்டாலும் அவன் ஏற மாட்டேங்கான்.”

அத்தை அவர் கையைப் பிடித்துக்கொண்டார். மாமா அழுதார். சத்தமே இல்லாமல், தோள் மட்டும் குலுங்க. என் மகள் பயந்து என்னிடம் வர முயன்றாள். அதே நேரம் விமானம் மலைக்காற்றில் ஒரு பள்ளத்தில் விழுவது போல விழுந்தது. எல்லாரும் கத்தினோம். இரண்டு நொடிதான். நிமிர்ந்ததும் நான் முதலில் பிள்ளையைப் பார்த்தேன். பிறகு பக்கத்து இருக்கையைப் பார்த்தேன்.

அந்தப் பெல்ட் மாட்டியிருந்தது. இரண்டு நுனியும் கொக்கியில் பூட்டி, இறுக்கமாக.

இறங்கிய பிறகு தரகரிடம் கேட்டேன். காலி இருக்கையின் பெல்ட் ஆடக் கூடாது என்று விமானிகள் மாட்டிவிடுவது வழக்கம்தான் என்றார். துணை விமானியிடம் கேட்டேன். தான் நடுவில் எழுந்து வரவே இல்லை என்றார். மாமா கை எட்டும் தூரத்தில்தான் இருந்தார். அவர் மாட்டியிருக்கலாம். நானும் அழுதுகொண்டிருந்தேன், கண்ணில் எதுவும் சரியாகப் படவில்லை. அவரிடம் நான் கேட்கவில்லை. இன்று வரை கேட்கவில்லை.

விமானம் வாங்கவில்லை. தரகர் ஒரு மாதம் விடாமல் போன் செய்தார். ஒரு நாள் மாமாவே வாங்கிப் பேசினார். “வண்டி நல்ல வண்டிதான் தம்பி. நமக்குத் தோதுப்படல்ல” என்றார். மூன்று பேர் சட்டமும் போய்விட்டது. போய்விட்டது என்று யாரும் அறிவிக்கவில்லை. ஒரு நாள் அம்பாசமுத்திரம் போகும்போது ஒரே வேன் வந்து நின்றது, ஏறினோம்.

வீடு இப்போது கலகலப்பாகிவிட்டது என்று உறவுக்காரர்கள் சொல்கிறார்கள். அது உண்மை. அத்தை பெரியவரைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டார். கத்தரிக்காய் வைத்தால், அவனுக்கு ஆகாதே என்கிறார். மழை வந்தால், அவன் மொட்டை மாடியில நனைவான் என்கிறார். நனைந்தான் என்று சொல்வதில்லை. மாமாவும் பதில் சொல்கிறார். அந்த அறையைத் திறந்து, ஒட்டடை அடித்து, சன்னலுக்குத் திரை போட்டார்கள். எனக்கும் இது பிடித்துத்தான் இருக்கிறது. இவ்வளவு காலம் கேட்காத சிரிப்பை அத்தையிடம் கேட்கிறேன். ஆனால் வீட்டில் யாரும் பெயரைச் சொல்லாதபோது பெரியவர் அந்தப் பூட்டிய அறையில் மட்டும்தான் இருந்தார். இப்போது எந்த அறைக்குள் நுழைந்தாலும் நான் ஒரு நொடி தயங்கி நிற்கிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தோம். என் கணவர் ஒரு நீலச் சட்டை போட்டிருந்தார். நான் அதைத் துவைத்ததும் இல்லை, தேய்த்ததும் இல்லை. தோள் கொஞ்சம் பெரிதாக இருந்தது. அண்ணன் அறை அலமாரியில் மடிப்புக் கலையாமல் இருந்தது, வீணாகப் போவானேன் என்று எடுத்தேன் என்றார். குனிந்து செருப்பை மாட்டிக்கொண்டிருந்தார்.

உள்ளேயிருந்து அத்தை குரல் கொடுத்தார். “ஏ பெரியவனே, மழை வாராப்பல இருக்கு. குடை எடுத்துட்டியாலே?”

“எடுத்துட்டேம்மா” என்றார் என் கணவர், நிமிராமலே.

அத்தை சரி என்று சொல்லிவிட்டு விளக்கை அணைத்தார். மாமா சாவியை எடுத்துக்கொண்டு வெளியே வந்தார். யாரும் எதையும் திருத்தவில்லை. என் கணவரின் கையில் குடை இல்லை.